எலேமெஸ் கிணற்று மண்

ஆழக் கிணறு, பெத்பக்-தலா பாலைவனம்
14 மார்ச் 2006

விஞ்ஞானி அவர்களுக்கு, அண்ணி ஓரின்ஷா எழுதுவது.

கால்நடையும் உயிர்களும் நலமா என்று கேட்டுத்தான் நாம் எந்தப் பேச்சையும் தொடங்குவோம். இந்த முறை கேட்கப்போவதில்லை. அல்மாத்தியில் நான்காவது மாடியில் உன்னிடம் கால்நடை கிடையாது. இங்கே உயிர்கள் இருப்பதாக நீ ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு எதற்கு வீண் விசாரிப்பு?

மாவும் தேயிலையும் கொண்டுவரும் லாரிக்காரர் ஒராசலி, போன வெள்ளிக்கிழமை ஒரு தாளையும் கொண்டுவந்தார். வட்டார அலுவலகத்து முத்திரை குத்திய தாள். தெற்கே உள்ள யுரேனியச் சுரங்கத்தின் கழிவு மண்ணைப் புதைக்க இடம் பார்த்துவிட்டார்களாம். எந்த இடம் என்றால் நம் கிணறு, நம் குளிர்காலக் கொட்டகை, ஒட்டகம் மேயும் புதர்க்காடு எல்லாம் சேர்த்துத்தான். காரணமும் போட்டிருக்கிறார்கள். "மனிதக் குடியிருப்பு எதுவும் இல்லாத, கதிர்வீச்சைத் தாங்கும் கிருமிகள் மட்டுமே வாழும் நிலம்." இதைச் சொன்னது யார் என்பதும் அடியில் இருக்கிறது. உங்கள் ஆய்வுக்கூடத்துக் கட்டுரை. மூன்று பெயர்கள். இரண்டாவது பெயர் உன்னுடையது.

உன் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். "கிருமி மட்டும்தான் இருக்குன்னா அப்ப நாம யாரு?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் ஒட்டகங்களைப் பார்க்கப் போய்விட்டார். வருடத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிற மனிதர், அதில் ஒன்றை உனக்காகச் செலவழித்துவிட்டார்.

போன ஜூலையில் பன்னிரண்டு பைகளும் ஒரு விதிமுறைத் தாளும் அனுப்பினாய். கரண்டியை நெருப்பில் காட்டு, மண்ணின் மேல் மூச்சு விடாதே, கல்லுக்கு அடியில் இரண்டு விரல் ஆழத்தில் எடு, கையால் தொடாதே. எல்லாவற்றையும் செய்தேன். கல்யாண விருந்துக்குச் சமைத்தபோதுகூட நான் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. வெயிலில் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து குனிந்து, ஒன்பதாவது பையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பன்னிரண்டு பைகளையும் நிரப்பியது யார்? கிருமியா?

டிசம்பரில் நீ எழுதினாய், நம் மண்ணில் ஒரு சிவப்பு உயிர் கிடைத்திருக்கிறது, மனிதனைக் கொல்லும் கதிரைப்போல ஆயிரம் மடங்கு அடித்தும் சாகவில்லை என்று. எனக்குப் பிடிபடாத பெருமை. ஓர் ஆடு வெட்டி, முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மேய்ப்பர்களையெல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஜந்துவுக்காக ஆடு வெட்டிய முதல் பொம்பளை நான்தான் என்று சிரித்தார்கள். இப்போது அதே ஜந்து எங்களைத் துரத்த வருகிறது, உன் கையெழுத்தோடு.

இதைச் சரிசெய். எப்படி என்று எனக்குத் தெரியாது. படித்தவள் நீ.

ஓரின்ஷா

*

அல்மாத்தி
2 ஏப்ரல் 2006

அன்புள்ள அண்ணிக்கு, மென்சுலு எழுதுவது.

உங்கள் கடிதம் என்னை உலுக்கிவிட்டது. ஆனால் நடந்தது என்ன என்று பொறுமையாகக் கேளுங்கள்.

நீங்கள் அனுப்பிய பைகளில் ஊர்ப்பெயர் எழுதும் இடத்தில் "ஆழக் கிணறு" என்று இருந்தது. எங்கள் அலுவலகத்துப் பெண் இடப்பெயர்ப் பட்டியலைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெயரில் ஒரு கிணறு உண்மையிலேயே இருக்கிறது, நம் வீட்டுக்கு எண்பது கிலோமீட்டர் வடக்கே. 1974-இல் தூர்ந்துபோனது. அங்கே யாரும் இல்லை. அதைப் பார்த்து "குடியிருப்பு இல்லை" என்று எழுதிவிட்டாள். வரைபட எண்களை மட்டும் நான் கொடுத்தேன். அவை நம் வீட்டின் எண்கள். ஆக, எண்கள் ஓர் இடத்துக்கும் வர்ணனை இன்னோர் இடத்துக்கும் உரியவை. வட்டார அலுவலகம் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டது. நீங்கள் பையில் எலேமெஸ் கிணறு என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. பிழை பையில் தொடங்கியது.

நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அறிவியலில் இப்படி நடப்பதுண்டு. அச்சான கட்டுரையைத் திருத்துவது சுலபமல்ல, முதல் பெயர் எங்கள் இயக்குநருடையது. என் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வுரை வேறு அக்டோபரில் வருகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அங்கிருந்து நகரத்துக்கு வந்துவிடுங்கள் என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்கு முப்பது கிலோமீட்டர். மருத்துவர் இல்லை, மின்சாரம் இல்லை. சகிந்திக் அண்ணனுக்கு மூட்டுவலி. இடத்துக்கு ஈடாக வட்டாரத் தலைநகரில் வீடு கொடுப்பார்கள். ஒருவேளை இது நல்லதற்காகவும் இருக்கலாம் அல்லவா?

உங்கள் மென்சுலு

*

ஆழக் கிணறு
21 ஏப்ரல் 2006

விஞ்ஞானி அவர்களுக்கு,

பிழை பையில் தொடங்கியதாம். கடிதத்தைப் படித்துவிட்டுத் தேநீரை அடுப்பிலேயே கொதிக்க விட்டுவிட்டேன், அவ்வளவு கோபம்.

நீ எந்த வீட்டில் பிறந்தாய்? நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. அந்தப் பெயரை ஒரு தடவை என் வாய் சொன்னதில்லை, கை எழுதியதில்லை. அந்தப் பெயருக்கு உரியவர் உனக்குத் தாத்தா. எனக்கு மாமனாரின் அப்பா. அவர் பெயரைச் சொல்கிற மருமகளை நம் பக்கத்தில் யார் மதிப்பார்கள்? வந்த முதல் நாளே உன் அம்மா என் கையில் வாளியைக் கொடுத்து எங்கிருந்து தண்ணீர் கொண்டுவருவாய் என்று கேட்டார். அவருக்கு விளையாட்டு, எனக்கு உயிர் போகிறது. "அந்த ஆழக் கிணத்துலருந்து" என்றேன். வீடே கொல்லென்று சிரித்தது. ஏழு வயது நீ, ஒரு மாதம் அதையே பாடிக்கொண்டு திரிந்தாய். கணவன் வீட்டுச் சின்னவர்கள் பெயரும் மருமகளுக்குத் தடைதான், உன் பெயரையும் நான் சொன்னதில்லை. செல்லம் என்று கூப்பிட்டுத்தான் உனக்குத் தலை பின்னினேன், பள்ளிக்கூட விடுதிக்குக் குதிரையில் கொண்டுபோய் விட்டேன்.

ஆகவே, என் கையில் ஆழக் கிணறு என்றால் எந்தக் கிணறு என்று அந்த அலுவலகத்துப் பெண்ணுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். உலகத்திலேயே உனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் எழுது. கையெழுத்துப் போடும் முன் அந்தக் கட்டுரையைப் படித்தாயா, இல்லையா?

நல்லதற்காக இருக்கலாமோ என்ற உன் பேச்சை அடுப்பில் போட்டேன். வலி உன் அண்ணனின் மூட்டுக்கு, மூளைக்கு அல்ல. நகரத்தில் மூன்றாவது மாடியில் அவரை உட்காரவைத்தால் யாரைப் பார்த்துப் பேசாமல் இருப்பார்? இங்கே ஒட்டகங்களாவது அவர் பேசாததைப் புரிந்துகொள்கின்றன.

போன வாரம் கதிர்வீச்சை அளக்கும் பெட்டியோடு ஒருவன் வந்தான். கொட்டகை, கிணறு, மேய்ச்சல் நிலம் என்று மூன்று மணிநேரம் நடந்தான். பெட்டி எப்போதாவது ஒரு டிக் போட்டது. எவ்வளவு என்று கேட்டேன். "எங்க ஆபீஸ் கட்டடத்துலயே இதைவிட அதிகமா அடிக்கும் அக்கா" என்றான். அதை எழுதிக் கொடு என்றேன். எழுத அனுமதி இல்லையாம். மூன்று கிண்ணம் ஒட்டகப்பால் குடிக்க மட்டும் அனுமதி இருந்தது.

மே 26-ஆம் தேதி வட்டாரத் தலைநகரில் விசாரணை. ஆட்சேபணை உள்ளவர்கள் ஆதாரத்தோடு வரலாம் என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் ஆதாரம் நீதான்.

ஓரின்ஷா

*

அல்மாத்தி
5 மே 2006

அண்ணி,

படித்தேன்.

இதை எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. படித்தேன், "ஆழக் கிணறு, குடியிருப்பு இல்லை" என்ற வரியில் நின்றேன். உங்கள் கையெழுத்தும் அந்த வாளியும் கண்முன்னே வந்தன. தவறு என்று உடனே தெரிந்தது. பேனா கையில் இருந்தது. ஆள் நடமாட்டமே இல்லாத மண் என்றால் கட்டுரைக்கு மதிப்பு அதிகம், ஆட்டுப்புழுக்கையிலிருந்து வந்த கிருமி என்று யாரும் குறை சொல்ல முடியாது. இயக்குநருக்கு அந்த வரி பிடித்திருந்தது. பாலைவனத்தில் இதை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். பிழை பையில் தொடங்கியது என்று உங்களுக்கு எழுதியபோதும் எனக்கு இது தெரியும். அதற்காகத்தான் அதிகம் கூசுகிறேன்.

அந்த உயிரைப் பற்றியும் உங்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றியும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கதிர்வீச்சைத் தாங்கும் கிருமி இருப்பதால் மண் ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று வட்டார அலுவலகம் எழுதுகிறது. அப்படியல்ல. அந்தச் சிவப்பு உயிர் தன் வாழ்நாளில் கதிர்வீச்சைப் பார்த்ததே இல்லை. அது பழகியது வறட்சிக்கு. ஈரம் போனதும் அதன் உடலுக்குள் இருக்கும் மரபு இழை துண்டு துண்டாக உடைந்துவிடும். வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஒரு மழை வந்தால் போதும், துண்டுகளைப் பொறுக்கி, எது எங்கே என்று பார்த்து ஒட்டவைத்துக்கொண்டு எழுந்துவிடும். கதிர்வீச்சும் அந்த இழையை அதே மாதிரித்தான் உடைக்கிறது. உடைத்தது யார் என்று அதற்குக் கவலையில்லை, எழுந்திருக்க அதற்குத் தெரியும், அவ்வளவுதான். எங்கள் ஆராய்ச்சியாளர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நம் மண்ணில் அது இருப்பது தாகத்துக்குச் சான்று, விஷத்துக்கு அல்ல.

இதையெல்லாம் இயக்குநரிடம் சொல்லித் திருத்தம் வெளியிடக் கேட்டேன். "ஒரு வார்த்தை தப்புன்னு நாமளே சொன்னா மத்த வார்த்தையெல்லாம் யாரு நம்புவாங்க? அக்டோபர் வரைக்கும் பேசாம இருங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார். நான் வெளியே வந்துவிட்டேன்.

ஏழு வருட உழைப்பு, அண்ணி. ஐந்து மாதம்தான் பாக்கி. மே 26-க்குள் என்னால் முடியும் என்று தோன்றவில்லை. விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்டுப்பாருங்களேன். அக்டோபர் முடிந்ததும் நானே வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன்.

மென்சுலு

*

ஆழக் கிணறு
14 மே 2006

அக்டோபருக்குள் குழி தோண்டி நிரப்பி மேலே வேலியும் போட்டுவிடுவார்கள்.

படித்தேன் என்று ஒப்புக்கொண்டாய். அந்த ஒரு வார்த்தைக்காக உன்னைத் திட்டுவதைக் கொஞ்சம் குறைக்கிறேன். மீதி கடிதத்துக்காகக் கொஞ்சம் கூட்டுகிறேன், கணக்கு சரியாகிவிடும்.

அந்தச் சிவப்பு உயிருக்கு எலும்பு கிடையாது, மூளை கிடையாது, படிப்பு கிடையாது என்று டிசம்பரில் எழுதியிருந்தாய். ஆயிரம் மனிதரைக் கொல்லும் அடியை அது தாங்குகிறது. உன்னால் ஓர் இயக்குநரைத் தாங்க முடியவில்லையா?

நாங்கள் போகப்போவதில்லை. நீ வந்தாலும் வராவிட்டாலும், திருத்தினாலும் திருத்தாவிட்டாலும் போகப்போவதில்லை. உன் அண்ணன் நேற்றிலிருந்து கொட்டகைக்குப் புதுக் கூரை போடுகிறார். துரத்தப்போகும் இடத்துக்கு யாராவது கூரை போடுவார்களா என்று ஒராசலி கேட்டார். உன் அண்ணன் வாயில் ஆணி வைத்திருந்ததால் பதில் சொல்லவில்லை. வைத்திராவிட்டாலும் சொல்லியிருக்கமாட்டார். நான் கீழே நின்று தகரம் எடுத்துக் கொடுத்தேன்.

எங்கள் விசாரணையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இனி கடிதம் வேண்டாம்.

ஓரின்ஷா

*

அல்மாத்தி
22 மே 2006

அண்ணி,

வேண்டாம் என்றீர்கள், எழுதுகிறேன். தபாலை நம்பாமல் பேருந்து ஓட்டுநர் கையில் கொடுத்திருக்கிறேன். ஒராசலி வாங்கிவருவார், பேசிவிட்டேன்.

உள்ளே ஒரு தாள் இருக்கிறது. அதே வாசகம் இன்று காலை பத்திரிகைக்கும் விசாரணைக் குழுவுக்கும் போய்விட்டது. தாளில் இருப்பது இதுதான்:

"கட்டுரையில் உள்ள மண் எடுக்கப்பட்ட இடத்தின் பெயர் எலேமெஸ் கிணறு. அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள். மண்ணை எடுத்துத் தந்தவர் அவர்களில் ஒருவரான ஓரின்ஷா. இந்த உயிர் அங்கே இருப்பது நிலம் கதிர்வீச்சால் கெட்டதற்குச் சான்று அல்ல, நெடுங்காலம் வறண்டு கிடப்பதற்கே சான்று. குடியிருப்பு இல்லை என்ற வர்ணனை தவறு. தவறு என்று தெரிந்தே நான் கையெழுத்திட்டேன்."

கடைசி வரியை எழுதாமலும் விட்டிருக்கலாம் என்று என் தோழி சொன்னாள். எழுதாமல் விட்டு ஒரு முறை பார்த்தாயிற்று.

உங்கள் கடிதம் வந்த அன்று ஆய்வுக்கூடத்தில் தட்டுகளைத் திறந்து பார்த்தேன். ஆறு மாதம் உலர்த்திப் போட்டிருந்த மண்ணில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டிருந்தேன். மூன்றே நாளில் சிவப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. எனக்கு ரொம்ப வெட்கமாகிவிட்டது, அண்ணி. உட்கார்ந்து இதை எழுதினேன்.

தைரியமாகப் போய் வாருங்கள். அண்ணனையும் பேசச் சொல்லுங்கள், ஒரு வாக்கியமாவது.

மென்சுலு

*

ஆழக் கிணறு
29 மே 2006

செல்லத்துக்கு,

போய் வந்தோம். வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் குறுக்கே பேசாதே.

கலாச்சார மண்டபம் நிறைந்துவிட்டது. எங்களுக்காக வந்தவர்கள் பாதி, அன்று சந்தை நாள் என்பதால் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் பாதி. மேடையில் குழுத் தலைவர், நாற்பது வயது இருக்கும், கழுத்துப்பட்டை இறுக்கி முகம் சிவந்திருந்தது. முதலில் உங்கள் கட்டுரையை வாசித்தார். நான் உன் தாளை நீட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கோப்புக்கு அடியில் தள்ளினார். முறைப்படி பதிவாகவில்லையாம், பதிவானபின் பரிசீலிப்பார்களாம். அப்படியென்றால் நானே வாசிக்கிறேன் என்று எழுந்து, மனப்பாடமாகச் சொல்லிவிட்டேன். வழியெல்லாம் லாரியில் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். இடப்பெயர் வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி மூச்சு விட்டுக்கொண்டு தாண்டிப் போனேன்.

அதைப் பிடித்துக்கொண்டார். இடத்தின் பெயர் என்ன என்று கேட்டார். சொல்ல முடியாது என்றேன். மண்டபத்தில் சிரிப்பு. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"பேரே தெரியாத இடத்துக்கா இவ்வளவு சண்டை போடறீங்க?"

"பேர் தெரியும். நான் சொல்ல மாட்டேன். அவர் என் மாமனாருக்கு அப்பா."

முன்வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் தலையசைத்தார்கள். விசாரணையில் எதையும் மறைக்கக்கூடாது, சட்டத்துக்கு முன் மாமனார் மருமகள் கிடையாது என்றார். நான் கைப்பையிலிருந்து புகைப்படத்தை எடுத்தேன். கிணற்றின் வாயில் பதித்திருக்கும் கல்லை ஒராசலி போன மாதம் எடுத்த படம். அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"எனக்குத்தான் தடை. உங்களுக்கு என்ன தடை? நீங்க படிங்க. பின்னாடி இருக்கறவங்களுக்கும் கேக்கற மாதிரி."

அவருக்கு வேறு வழியில்லை. படித்தார். "இந்தக் கிணற்றைத் தன் கையால் தோண்டியவர் (பெயரை அவர் படித்தார், நான் எழுதமாட்டேன்). தண்ணீர் குடித்தவர் அவருக்காக ஒரு துவா சொல்லுங்கள்." அவ்வளவுதான், பின்வரிசையில் வயதானவர் ஒருவர் சத்தமாக ஓத ஆரம்பித்துவிட்டார். மண்டபம் முழுக்கக் கைகளை ஏந்தியது. இறந்தவருக்காக ஓதும்போது யார் சும்மா உட்கார முடியும்? தலைவரும் ஏந்தினார், அவர் பக்கத்தில் இருந்த சுரங்கத்துப் பிரதிநிதியும் ஏந்தினார். ஓதி முடித்து எல்லோரும் உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டோம். நான் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

"யாருமே இல்லாத இடத்துக்கு, யாருக்காக இப்பக் கையேந்தினீங்க?"

அவர் தண்ணீர் குடித்தார். பிறகு நான் எதிர்பாராதது நடந்தது. அந்த வயதானவர் எழுந்து, எழுபத்தொன்பதாம் வருடத்துப் பனிப்புயலில் அந்தக் கிணற்றால்தான் பிழைத்தேன் என்றார். இன்னொருவர் எழுந்தார். லாரிக்காரர்கள் எழுந்தார்கள். சுரங்கத்தில் துளைபோடும் ஆள் ஒருவன்கூட எழுந்து, போன வருடம் வண்டி நின்றுபோனபோது இந்த அக்கா வீட்டில்தான் இரண்டு நாள் இருந்தேன் என்றான், பிரதிநிதி அவனை முறைத்தார். இருபது பேருக்கு மேல் இருக்கும். எல்லோரும் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள்.

கடைசியில் உன் அண்ணன் எழுந்தார். எனக்குப் பயம், வாய் திறக்காமல் நின்றுவிட்டு உட்கார்ந்துவிடுவாரோ என்று. "கூரை போட்டாச்சு" என்றார். உட்கார்ந்துவிட்டார். மண்டபம் கைதட்டியது. அவர் என்ன நினைத்துச் சொன்னார் என்று இன்னும் நான் கேட்கவில்லை.

வென்றோம் என்று நினைக்காதே. முடிவைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். தலைவர் எழுந்து போகும்போது கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ரெண்டு பேர் மட்டும் இருக்கும் இடத்தைக் குடியிருப்பு என்று எந்தப் பதிவேட்டில் எழுதுவது, மூன்று பேராவது வேண்டும் என்று முணுமுணுத்தார். ஜூன் மாதம் ஆள் அனுப்பித் தலை எண்ணுவார்களாம்.

உன் தாள் இல்லாவிட்டால் எனக்கு நிற்கக் கால் இருந்திருக்காது. இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

அண்ணி

*

அல்மாத்தி
11 ஜூன் 2006

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைப் பேருந்து நிறுத்தத்தில் நின்று படித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் விலகிப் போனார்கள். பிறகு அழுதேன், இன்னும் விலகினார்கள்.

ஆய்வுக்கூடத்துச் சாவியை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். குளிர்பெட்டிக்குப் புதுப் பூட்டு. உள்ளே எண்பது தட்டுகள், எல்லாம் என் கையால் வளர்த்தவை. அக்டோபர் ஆய்வுரை கிடையாது. அந்த உயிருக்குப் பெயர் வைக்கும் உரிமையும் இயக்குநருக்குத்தான்.

போன திங்கட்கிழமை கூப்பிட்டனுப்பினார். மரியாதையாகத்தான் பேசினார், தேநீர்கூடக் கொடுத்தார். திருத்தம் இன்னும் அச்சாகவில்லை, மன உளைச்சலில் எழுதிவிட்டேன் என்று ஒரு வரி எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டால் சாவியும் அக்டோபரும் திரும்பி வரும் என்றார். எதிரே வெள்ளைத் தாளையும் பேனாவையும் வைத்தார். பொய் சொல்லவில்லை, அந்தப் பேனாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் பாத்துட்டேன் சார். பாத்ததைப் பாக்கலைன்னு இன்னொரு தடவை எழுத மாட்டேன்" என்றேன். அப்படியானால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தேநீரை மட்டும் குடித்துவிட்டு வந்தேன், நல்ல தேநீர்.

எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வருத்தம் இருக்கிறது. காலையில் எழுந்ததும் எங்கே போவது என்று தெரியவில்லை. ஏழு வருடமாக எட்டு மணிக்கு அந்தப் படிகளில் ஏறியிருக்கிறேன். இப்போது எட்டு மணி ஆனதும் கால்கள் தானாக எழுந்து நிற்கின்றன. ஆனால் திரும்பப் பெறமாட்டேன். அதில் மட்டும் சந்தேகமில்லை.

தலை எண்ண வந்தார்களா? என்ன ஆயிற்று?

மென்சுலு

*

ஆழக் கிணறு
25 ஜூன் 2006

செல்லத்துக்கு,

கால்நடையும் உயிர்களும் நலமா? இங்கே நலம். இரண்டு ஒட்டகக் குட்டிகள் வளர்கின்றன. உன் அண்ணன் இந்த வருடத்துக்கான பேச்சை முடித்துவிட்டார், மூட்டுவலியைப் பற்றிக்கூட வாய் திறப்பதில்லை.

பெட்டியைப் பூட்டிவிட்டார்களா? பூட்டட்டும். அதற்குள் எவ்வளவு மண் இருக்கும், இரண்டு கைப்பிடி? இங்கே குதிரையில் மூன்று நாள் போனாலும் தீராது. ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் உன் சிவப்பு ஆட்கள் சாகாமல் படுத்திருக்கிறார்கள். இதற்குப் பூட்டு எந்தக் கடையில் விற்கிறது என்று உன் இயக்குநரைக் கேட்டு எழுது. பெயர் அவர் வைக்கட்டும். பெயர் வைத்தவர் வந்து வறட்சியில் ஒரு கோடை கிடந்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

தட்டு வேண்டுமா, ஒராசலி வாங்கிவருவார். பூதக்கண்ணாடியோ என்னவோ, பெரியதாகக் காட்டும் அந்தக் கருவி வேண்டுமென்றால் ஓர் ஒட்டகத்தை விற்கலாம், உன் அண்ணனிடம் நான் சொல்லிவிட்டேன், தலையாட்டினார். கொட்டகையின் வடக்குப் பக்கம் ஓர் அறையைத் தடுத்திருக்கிறோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது நான், கோணலாகத்தான் இருக்கும், வாயை மூடிக்கொண்டு இருந்துகொள்.

கேட்டாயே, தலை எண்ண வந்தார்கள். முந்தாநாள் ஒருவன் பெரிய பதிவேட்டோடு வந்தான். புழுதியில் கண் சிவந்து, பாவமாக இருந்தான். பால் கொடுத்து உட்காரவைத்தேன். எத்தனை பேர் என்று கேட்டான். மூன்று என்றேன். சுற்றும் முற்றும் பார்த்தான், இரண்டு பேரைத்தான் பார்த்தான். "மூணாவது ஆள் எங்க?"

"வந்துக்கிட்டு இருக்கா. என்ன வேலைன்னு போடணுமா? மண்ணைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்கன்னு போடுங்க."

பெயர் கேட்டபோது உன் அண்ணன் சொன்னார். அடுத்த வருடத்துக் கணக்கிலிருந்து எடுத்திருப்பார். பேனாவால்தான் எழுதினான், அடித்துத் திருத்த முடியாது. மூன்று பேர், நிரந்தரம் என்று எழுதி முத்திரையும் குத்திவிட்டான். அந்த மை காயும்வரை நான் பதிவேட்டின் மேல் மூச்சு விடவில்லை.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி தலைவரே நேரில் வந்து சரிபார்ப்பாராம். அதற்கு முன்னால் தலையோடு வந்து சேர்.

அண்ணி